தேனீப் பெட்டியை வாட்டவும் புகைப்பான் பற்றவைக்கவும் எந்த புளோ டார்ச் வாங்கலாம்?

கிராஞ்சிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் கிராஞ்சியில் தெரிந்தவர் பண்ணையின் ஒரு மூலையில் இரண்டு பொந்துத்தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன், ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் விடாத மழையில் இரண்டு வாரம் அந்தப் பக்கம் போக முடியவில்லை. அப்புறம் போய்த் திறந்தால் ஒரு பெட்டியில் தேனீயே இல்லை. அடை முழுக்க வெள்ளை நூலாம்படை, அடையைத் தாங்கும் சட்டங்களின் ஓரத்தில் அந்துப்பூச்சிக் கூடுகள் அரிசி அரிசியாக ஒட்டிக் கிடந்தன. அடையை எல்லாம் பையில் கட்டி எறிந்துவிட்டேன். பெட்டி நல்ல மரம், எறிய மனம் வரவில்லை. அடுத்த மாதம் ஒருவர் வீட்டு மின்பெட்டிக்குள் இருந்து எடுக்கப்போகும் கூட்டத்தை இதில் குடிவைக்கலாம் என்று நினைக்கிறேன், அதற்குள் இதைத் தீயில் வாட்டிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

என்னிடம் முதலில் இருந்தது இனிப்பின் மேல் சர்க்கரை உருக்குகிற சின்ன சமையல் டார்ச். அரை மணி நேரம் காட்டியும் பெட்டியின் ஒரு பக்கம்கூட ஒழுங்காக நிறம் மாறவில்லை. சரி என்று ஹார்ட்வேர் கடையில் 12 வெள்ளிக்கு, ஸ்டீம்போட் அடுப்பில் போடும் கேஸ் குப்பியின் தலையில் மாட்டுகிற டார்ச் ஒன்று வாங்கினேன். மரத்துக்கு அது போதும் போலத்தான் இருந்தது. ஆனால் தேனீக்குப் புகை காட்டும் புகைப்பானைப் பற்றவைக்க அதைக் கீழ்நோக்கிச் சாய்த்தேன், நீலமாக எரிந்துகொண்டிருந்த தீ ஒரே நொடியில் மஞ்சளாகி ஒரு முழ நீளத்துக்குப் பாய்ந்தது. சட்டைக் கையின் ஓரம் பொசுங்கிவிட்டது. குப்பியைக் கீழே போடாமல் குமிழைத் திருகி அணைத்துவிட்டேன், கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

இரண்டு வேலைக்கும் ஒரே டார்ச் வேண்டும், 60 வெள்ளி வரை செலவழிக்கலாம். விற்பனைப் பக்கங்களில் 1300 டிகிரி, 1500 டிகிரி என்று பெரிய பெரிய எண்களாகப் போட்டிருக்கிறார்கள், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? திருச்சியிலிருந்து தம்பி வருகிறான், அங்கேயே டார்ச்சும் குப்பியும் வாங்கிவரச் சொல்லலாமா என்றும் ஒரு யோசனை.

பத்தாம் மாடி எழுதியது:

கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது. பெரிய பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. தம்பியைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

செம்பவாங் வெல்டர் எழுதியது:

அம்மா, முதலில் கைக்கு ஒன்றும் ஆகவில்லையே? அது போதும்.

நான் முப்பது வருடம் செம்பவாங் கப்பல் பட்டறையில் தீயோடு வேலை செய்தவன். தேனீ வளர்ப்பு ஓய்வுக்கு அப்புறம் வந்தது. உங்கள் டார்ச் பழுது இல்லை, அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது. குப்பிக்குள் இருப்பது வாயு இல்லை, திரவம். நிமிர்த்திப் பிடிக்கும்போது திரவத்துக்கு மேலே நிற்கிற ஆவி மட்டும் வாய் வழியாக வருகிறது. கவிழ்த்தால் திரவமே வாய்க்கு வந்துவிடும். ஒரு பங்கு திரவ பியூட்டேன் ஆவியானால் இருநூறு பங்குக்கு மேல் விரியும், அவ்வளவுக்கும் எரியக் காற்றுக் கிடைக்காமல் மஞ்சளாகப் பாயும். குப்பியைக் குலுக்கி உடனே பற்றவைத்தாலும் இதே கதைதான்.

இதனால்தான் தேனீ வளர்ப்பவர்கள் டார்ச் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதைத் தலைகீழாகப் பிடிக்கலாமா என்பது. குழாய் வேலை பார்ப்பவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. நமக்கு அப்படி இல்லை, புகைப்பானின் வாய் மேலே பார்த்து இருக்கிறது, பெட்டியின் உள்மூலைகள் கீழே இருக்கின்றன, நம் வேலையில் முக்கால்வாசி கீழ்நோக்கித்தான்.

டிகிரி எண்ணை விட்டுவிடுங்கள். பியூட்டேனோ புரொப்பேனோ, காற்றில் எரியும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடுதான், கணக்குப்படி 2000 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் எத்தனை கிராம் எரிக்கிறது என்பதில் இருக்கிறது. மணிக்கு 150 கிராம் எரிக்கும் டார்ச் என்றால் கிட்டத்தட்ட 2 கிலோவாட், நல்ல மின்கெண்டி அளவு. உங்கள் சமையல் டார்ச் அதில் ஒரு சிறு பங்குதான் எரிக்கும், அதனால்தான் மரம் சூடாவதற்குள் சூடு பரவிப் போய்விடுகிறது. அட்டைப் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இந்தக் கிராம் கணக்கு இருக்கும், தேடிப் பாருங்கள். 100 முதல் 150 கிராம் நம் வேலைக்குச் சரி.

இனிக் குப்பி. இங்கே கிடைப்பது மூன்று வகை. ஒன்று நீங்கள் வைத்திருக்கும் நீளமான கேசட் குப்பி, பொதுவாக 220 அல்லது 250 கிராம், அமுக்கித் திருப்பினால் மாட்டிக்கொள்ளும், பேரங்காடியிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கும். இரண்டாவது முகாம் அடுப்புக்கான குட்டையான மரைக் குப்பி. மூன்றாவது குளிர்சாதனக் குழாய் பற்றவைப்பவர்கள் வைத்திருக்கும் ஒரு அங்குல மரை உள்ள பெரிய உலோகக் குப்பி, அதில் புரொப்பேனோ, மஞ்சள் குப்பி என்றால் மேப்-புரோ என்ற வாயுவோ இருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் புரொப்பேன்தான் வேண்டும் என்று எழுதுவார்கள், அவர்கள் சொல்வது அங்கே சரி, ஏனென்றால் பியூட்டேன் பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, அவர்களுடைய குளிர்காலத்தில் குப்பி செத்துக் கிடக்கும். நமக்கு 30 டிகிரி. பியூட்டேனே போதும்.

உங்கள் 60 வெள்ளிக்கு இரண்டு வழி இருக்கிறது. கேசட் குப்பியில் மாட்டும் டார்ச்சிலேயே, திரவம் வாய்க்கு வருமுன் தீயின் சூட்டில் அதை ஆவியாக்கும் சிறு வளைகுழாய் வைத்துச் செய்தவை உண்டு. ஜப்பானியத் தயாரிப்புகளில் தலைகீழாகப் பயன்படுத்தலாம் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், இவாதானி போன்றவர்கள் செய்கிறார்கள். அதையும் முதலில் ஒரு நிமிடமாவது நிமிர்த்திப் பிடித்து எரியவிட்டு, குழாய் சூடான பிறகுதான் சாய்க்க வேண்டும். இன்னொரு வழி, ரப்பர்க் குழாய் வைத்த டார்ச். குப்பி தரையில் நிமிர்ந்து நிற்கும், கையில் தலை மட்டும். அதை எப்படிச் சாய்த்தாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அது பெரும்பாலும் பெரிய மரைக் குப்பிக்குத்தான் வரும், விலை கூடும். இரண்டு பெட்டிக்கு முதல் வழி போதும்.

கூலாய் தோட்டம் எழுதியது:

நான் வேறு மாதிரி சொல்வேன். மலேசியாவின் ஜோகூரில் கூலாய் பக்கம் எங்கள் குடும்பத் தோட்டத்தில் 22 பெட்டிகள் இருக்கின்றன. நான் பயன்படுத்துவது களை எரிக்கும் நீளக் கம்பி டார்ச், நேராகச் சமையல் சிலிண்டரில் ரெகுலேட்டரும் குழாயும் போட்டு. ஒரு பெட்டிக்கு இரண்டு நிமிடம். குனிய வேண்டியதில்லை, முதுகு வலி இல்லை. சிறிய டார்ச் வைத்துக்கொண்டு மூலை மூலையாகத் தடவிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். பாலம் தாண்டி எதையும் எடுத்துப் போவதில்லை, எல்லாம் அங்கேயே வாங்கி அங்கேயே வைத்திருக்கிறேன்.

செம்பவாங் வெல்டர் எழுதியது:

22 பெட்டிக்கு நீங்கள் செய்வது சரிதான், தம்பி. அவருக்கு ஒரு பெட்டி. அந்தத் தீயைப் புகைப்பானுக்குள் விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் சாம்பல்தான், புகை எங்கே வரும்? இன்னொன்று, அவ்வளவு பெரிய தீ மெல்லிய பலகையின் மேல்தோலைக் கருக்கிவிட்டு இடுக்குக்குள் போகாமல் திரும்பிவிடும். அந்துப்பூச்சி இருப்பது இடுக்கில்.

பத்தாம் மாடி எழுதியது:

இங்கே அதை யாரும் முயற்சி செய்ய வேண்டாம். வீட்டில் சமையல் வாயு சிலிண்டர் இரண்டுக்கு மேல் கூடாது, மொத்தம் 30 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. சமூகத் தோட்டத்துக்கு சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு போனால் அக்கம்பக்கத்தார் அழைப்பது யாரை என்று சொல்லத் தேவையில்லை. புளோக்கின் கீழ்த்தளம், தாழ்வாரம், மாடிப்படி, இந்த இடங்களில் கேசட் டார்ச்சைக்கூடப் பற்றவைக்காதீர்கள். எங்கள் புளோக்கில் தாழ்வாரத்தில் வைத்திருந்த பழைய பொருள்களில் தீப்பிடித்து ஒரு முறை மாடி முழுக்கப் புகையானது, பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அதற்கு அப்புறம் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கொசுத்தேனீ எழுதியது:

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். எதற்குத் தீ? அந்துப்பூச்சிதான் பிரச்சினை என்றால் அதைக் கொல்ல டார்ச்சே வேண்டாம். சட்டங்களை உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்தால் முட்டை, புழு எல்லாம் சாகும், மைனஸ் 15 டிகிரியில் இரண்டு மணி நேரமே போதும், சாதனம் அந்தக் குளிருக்கு வரும் நேரத்துக்காகத்தான் இரண்டு நாள். வெறும் பெட்டி என்றால் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தாலே போதுமே. நான் வைத்திருப்பது கொடுக்கில்லாத கொசுத்தேனீ, எனக்குப் புகைப்பானும் தேவையில்லை, டார்ச்சும் தேவையில்லை. என்னைப் போல வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெட்டிகளின் உள்ளே பூசியிருப்பது மெழுகும் மரப்பிசினும் கலந்தது, தீ காட்டினால் குங்கிலியம் மாதிரி பற்றிக்கொள்ளும். தீ வேண்டவே வேண்டாம்.

மார்த்தாண்டத்தான் எழுதியது:

கொசுத்தேனீ அக்கா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சட்டத்துக்கு உறைபெட்டி நல்லது. பெட்டிக்கு உறைபெட்டி யாரிடம் இருக்கிறது? சோடாத் தண்ணீர் மரத்தில் ஊறினால் நம் ஈரப்பதத்தில் ஒரு வாரம் ஆகும் காய, காய்வதற்குள் பூசணம் பிடிக்கிறது. அந்துப் புழு கூடு கட்டும்போது மரத்தையே படகு வடிவில் குடைந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், அந்தக் குழிக்குள் தேய்ப்பான் போகாது, தீ போகும்.

நான் கன்னியாகுமரி மாவட்டம், இங்கே வந்து பதினாறு வருடம். எங்கள் ஊர்ப் பக்கம் ரப்பர் மரம் தளிர்விடும் மாதங்களில் வீட்டுக்கு வீடு தேன் எடுப்பார்கள். அப்பாவிடம் நாற்பது பெட்டிகள் இருந்தன. 1991, 1992இல் தாய் சேக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவுக்குள் வந்தது. புழுக்கள் கூட்டுக்குள்ளேயே தலையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் நிறைந்த பை மாதிரி ஊதிச் சாகும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பத்தில் ஒன்பது கூட்டத்துக்கு மேல் அழிந்தது. அப்பாவுக்கு மிஞ்சியது மூன்று. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன், அவர் காலிப் பெட்டிகளை முற்றத்தில் வரிசையாக வைத்து, காய்ந்த தென்னோலையைச் சூளாகக் கட்டி ஒவ்வொன்றாக வாட்டிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால் மட்டும் நோய் போய்விடவில்லை. நோய்க்குத் தாக்குப்பிடித்த கூட்டங்களிலிருந்து பெருக்கித்தான் ஊரே மறுபடி எழுந்தது. ஆனால் வாட்டாத பெட்டியில் புதிய கூட்டம் வைக்க அவர் கடைசிவரை சம்மதித்ததே இல்லை.

அதனால் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். வாட்டுவது எல்லா நோயையும் கொல்லாது. அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்ற பாக்டீரிய நோயின் வித்துகள் மரத்துக்குள் பல பத்து வருடம் உயிரோடு இருக்கும். மேலே கருகினால் மேலே இருப்பது சாகும், ஆழத்தில் இருப்பது அப்படியே இருக்கும். நியூசிலாந்தில் பெட்டியை 160 டிகிரி பாரஃபின் மெழுகில் பத்து நிமிடம் முக்கி எடுக்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் காமாக் கதிர் காட்டுகிறார்கள். அந்த நோய் என்று சந்தேகம் வந்தால் டார்ச்சைத் தேடாதீர்கள், பெட்டியைக் கைவிட்டுவிடுங்கள். அந்துப்பூச்சி, எறும்பு, பூசணம், காய்ந்த புழுக்கழிவு, இவற்றுக்கு வாட்டுவது அருமையான வழி.

இனி வாட்டும் முறை. முதலில் சுரண்ட வேண்டும், நன்றாக, உளித்தகடு மரத்தில் உரசும் சத்தம் கேட்கும் வரை. மெழுகு இருக்கும் இடத்தில் தீ காட்டினால் மெழுகு 63 டிகிரியிலேயே உருகி மரத்துக்குள் இறங்கிவிடும், சூடு மெழுகோடு போய்விடும், மரம் வாடாது. நம் பொந்துத்தேனீ மரப்பிசின் சேர்ப்பதில்லை என்பதால் சுரண்டுவது சுலபம், இத்தாலியத் தேனீப் பெட்டி என்றால் பாதி நாள் போகும். அப்புறம் டார்ச்சைப் பலகையிலிருந்து நாலைந்து விரல் தள்ளிப் பிடித்து, இஸ்திரி போடுவது மாதிரி மெதுவாக நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். முதலில் மூலைகள், அடுத்து சட்டம் உட்காரும் விளிம்பு, பலகை பொருந்தும் பற்கள், கடைசியில்தான் பரந்த பக்கம். நல்ல தேநீர் நிறம் வந்தால் போதும், கரியாக வேண்டியதில்லை. இடுக்கில் சிறுசிறு குமிழ் கிளம்பிச் சீறும் சத்தம் வரும், அது நின்றால் அந்த இடுக்கு முடிந்தது.

பழைய சட்டங்களை என்ன செய்வது என்றால், கொளுத்திவிடுங்கள். சட்டம் விலை குறைவு.

பத்தாம் மாடி எழுதியது:

கடைசி வரியை மட்டும் திருத்துகிறேன், அண்ணே. ஊரில் கொளுத்தலாம், இங்கே திறந்தவெளியில் குப்பை எரிப்பது குற்றம். பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போட்டாலே அது எரியாலைக்குப் போய்த்தான் எரியும். வேலை நமக்காகவே நடக்கிறது.

கிராஞ்சிக்காரி எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி தலைகீழாகப் பிடிக்கக்கூடிய டார்ச் ஒன்று நாளை வாங்குகிறேன். இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன. காலியான பெட்டியின் உடல் நல்ல மரம், ஆனால் மேல்மூடி நானே செய்தது, ஒட்டுப்பலகை. இன்னொரு சிறிய பெட்டி சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளைப் பிரித்துச் செய்தது. வெளியே பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறேன். இவற்றை எல்லாம் வாட்டலாமா? அப்புறம், வாட்டும்போது முகவலை போட்டுக்கொள்ள வேண்டுமா?

செம்பவாங் வெல்டர் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் ஆபத்து. முகவலை வேண்டாம்! வலை பெரும்பாலும் நைலான், துணியில் பாலியஸ்டர் கலப்பு, தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். வெறும் பெட்டியை வாட்டும் இடத்தில் தேனீயும் இருக்கக் கூடாது, அதனால் வலைக்கும் வேலையில்லை. புகைப்பானையும் வலை போடுவதற்கு முன்பே, பெட்டிகளிலிருந்து தள்ளி நின்று பற்றவைத்துவிடுங்கள். பருத்திச் சட்டை, நீளக் கால்சட்டை, மூடிய காலணி. சிலிப்பரோடு நிற்காதீர்கள், உருகிய மெழுகு சொட்டும்.

ஒட்டுப்பலகையை வாட்ட வேண்டாம். பசை எரிந்து வரும் புகை கண்ணைப் பிடுங்கும், அடுக்குகளும் பிரிந்துகொள்ளும். அதைச் சோடாத் தண்ணீரில் கழுவுங்கள், கொசுத்தேனீ சொன்னது இதற்குச் சரி. வெளிப்பெயின்ட் பக்கம் தீ போக வேண்டாம், உள்பக்கம் மட்டும். துத்தநாகம் பூசிய கம்பி, தகடு, ராணியைத் தடுக்கும் சல்லடை, இவற்றை எடுத்துவிட்டு வாட்டுங்கள். சூடான துத்தநாகத்தின் வெண்புகையை மூச்சில் இழுத்தால் அன்று இரவு குளிர்க்காய்ச்சல் வரும், பட்டறையில் நானே இரண்டு முறை பட்டிருக்கிறேன்.

மரத்தட்டில் முத்திரை இருக்கும், பாருங்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்திருக்கும், பயம் இல்லை. எம்.பி. (MB) என்றால் மீதைல் புரோமைடு புகை காட்டியது, அதைத் தேனீப் பெட்டிக்கே எடுக்காதீர்கள். முத்திரையே இல்லாத பச்சை சாயல் உள்ள பலகையாக இருந்தால் கரையான் மருந்து ஏற்றியதாக இருக்கலாம், பழைய மருந்துகளில் ஆர்சனிக் உண்டு, அதில் தீ காட்டவே கூடாது.

கூலாய் தோட்டம் எழுதியது:

இந்த முத்திரை விஷயம் எனக்கும் புதிது. என்னிடம் தட்டு மரத்தில் செய்த மூடிகள் ஆறு இருக்கின்றன, வார இறுதியில் போய்ப் பார்க்கிறேன்.

கிராஞ்சிக்காரி எழுதியது:

புகைப்பானைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். நான் காய்ந்த இலையைத் திணித்து மேலிருந்து டார்ச் காட்டுவேன். கொஞ்ச நேரம் நன்றாக எரியும், பெட்டிப் பக்கம் போவதற்குள் அணைந்துவிடும். சாம்பிராணிக்குப் பற்றவைக்கும் வட்டக் கரி ஒன்றை அடியில் வைத்தால் நிற்கும் என்று ஒருவர் சொன்னார்.

மார்த்தாண்டத்தான் எழுதியது:

அந்த வட்டக் கரி வேண்டாம். உடனே பற்றுவதற்காக அதில் வெடியுப்பு கலந்திருக்கிறார்கள், பற்றும்போது சீறுகிறதே, அதுதான். அந்தப் புகையைத் தேனீக்குக் காட்டாதீர்கள். சாதாரண கொட்டாங்கச்சிக் கரி என்றால் பரவாயில்லை, ஆனால் அதுவும் தேவையில்லை.

நீங்கள் மேலிருந்து கொளுத்துவதுதான் காரணம். முதலில் அடியில் ஒரு பிடி மட்டும் போடுங்கள், தளர்வாக. டார்ச்சை உள்ளே காட்டி, துருத்தியை மெதுவாக அமுக்கிக்கொண்டே பத்துப் பதினைந்து நொடி. அது நன்றாகச் சிவந்து எரிகிறபோது டார்ச்சை அணைத்துவிட்டு அடுத்த பிடி, துருத்தி, அப்புறம் இன்னொரு பிடி. மூன்றாவதில் கொஞ்சம் இறுக்கமாக அமுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கைப்பிடி பச்சை இலை வைத்து மூடியைச் சாத்துங்கள், பொறியும் சூடும் வெளியே வராது. புகை வெள்ளையாக, அடர்த்தியாக, புறங்கையில் ஊதிப் பார்த்தால் குளுமையாக இருக்க வேண்டும். சுட்டால் இன்னும் இலை வேண்டும்.

எரிபொருளுக்குக் காய்ந்த தேங்காய் மட்டையைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. தேக்காச் சந்தையில் தேங்காய் உரிக்கும் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், வீட்டில் நாலு நாள் வெயில் காட்டிப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாயம் போடாத சணல் சாக்கும் சரி. இன்னொன்று, பொந்துத்தேனீக்குப் புகை மிகக் குறைவாகப் போதும். வாசலில் இரண்டு ஊது, மூடியைத் திறந்ததும் ஒரு ஊது. கொட்டிய இடத்திலிருந்து வரும் அபாய வாசனையை மறைக்கத்தான் புகை, தேனீயை விரட்ட இல்லை. இத்தாலியத் தேனீக்குக் காட்டுவது மாதிரி காட்டினால் அடையை விட்டு ஓடும், கோபித்துக்கொண்டு பெட்டியையே காலி செய்துவிட்டுப் போகும்.

கொசுத்தேனீ எழுதியது:

வாழைப்பழ வாசனை மாதிரி என்று சொல்வார்களே, அந்த அபாய வாசனையா?

மார்த்தாண்டத்தான் எழுதியது:

அதேதான் அக்கா. அது மூக்கில் பட்டால் நான் மூடியைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் தள்ளிப்போய் நிற்பேன்.

கிராஞ்சிக்காரி எழுதியது (ஒரு வாரம் கழித்து):

வாங்கிவிட்டேன், 38 வெள்ளி, கூட மூன்று கேசட் குப்பிகள். பெட்டியில் மணிக்கு 150 கிராம் என்று போட்டிருந்தது. நேற்றுக் காலை பண்ணையில் சிமெண்டுத் தரையில் வைத்து, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு தெளிப்பானும் வைத்துக்கொண்டு, பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். சுரண்டவே ஒன்றரை மணி நேரம். அந்தப் படகுக் குழிகளை இதற்கு முன் மரத்தின் இயல்பு என்றே நினைத்திருந்தேன். நுனிக் கத்தியால் கிளறினால் நாலைந்தில் கூட்டுப்புழு உயிரோடு நெளிந்தது.

வாட்டுவது இருபது நிமிடத்தில் முடிந்தது. ஒரு நிமிடம் நிமிர்த்திப் பிடித்துவிட்டுச் சாய்த்தேன், தீ நீலமாகவே நின்றது, கொஞ்சம் படபடத்தது, அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்துக் குப்பி வேர்த்துச் சில்லிட்டுப் போய்த் தீ சிறுத்தது, இரண்டாவது குப்பியை மாற்றிக்கொண்டேன். ஒரு மூலையில் பற்கள் பொருந்தும் இடத்தில் தீ அணைந்த பிறகும் மெல்லிய புகை வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் தெளித்தேன், அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி புகை. இன்னொரு முறை நனைத்து, மதியம் வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஒரே குறை, பொறி வைக்கும் பொத்தான். காலையில் பனி ஈரத்தில் எட்டு முறை அமுக்கியும் பற்றவில்லை.

செம்பவாங் வெல்டர் எழுதியது:

காத்திருந்து பார்த்தது ரொம்ப நல்லது. இடுக்கில் உறங்கும் கனல் நாலு மணி நேரம் கழித்தும் எழும்.

பொத்தான் எல்லா டார்ச்சிலும் இங்கே அப்படித்தான், பீங்கானின் மேல் ஈரம் படிந்தால் பொறி வழிதவறிவிடும். காய்ந்த துணியால் துடைத்தால் சில நேரம் வரும். அதை நம்பாமல் வெல்டிங் கடையில் கிடைக்கும் உரசுபொறி ஒன்று வாங்கி வையுங்கள். குமிழைத் திறந்துவிட்டுப் பொத்தானோடு போராடிக்கொண்டே இருக்காதீர்கள், வாயு சேர்ந்துகொண்டிருக்கும். சில்லிட்ட குப்பியை வெந்நீரிலும் வைக்காதீர்கள், தீ அருகிலும் காட்டாதீர்கள், நீங்கள் செய்தது போல மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதுதான் சரி.

பத்தாம் மாடி எழுதியது:

மீதிக் குப்பிகளைக் காரில் விட்டுவைக்காதீர்கள். 40 டிகிரிக்கு மேல், சிலவற்றில் 50 டிகிரிக்கு மேல், சூடு படக்கூடாது என்று குப்பியிலேயே போட்டிருக்கும். மதிய வெயிலில் நிறுத்திய கார் அதைச் சுலபமாகத் தாண்டும். டார்ச்சைக் கழற்றிவிட்டு, மூடி போட்டு, நிழலில் நிமிர்த்தி வையுங்கள்.

கிராஞ்சிக்காரி எழுதியது:

மூன்றையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், டார்ச் தனியாக இருக்கிறது. மின்பெட்டிக் கூட்டத்தை வரும் சனிக்கிழமை மாலை எடுக்கிறார்களாம். ஞாயிறு காலை கிராஞ்சிக்கு வந்து சேரும். உடல், தேன் அறை, புதிய சட்டங்கள் எட்டு, கழுவிக் காயவைத்த மேல்மூடி எல்லாம் தயார். ஐயா, ஞாயிறு காலை 8 மணிக்கு உங்களால் வர முடியுமா? முதல் முறை குடிவைக்கும்போது தெரிந்தவர் ஒருவர் கூட நின்றால் எனக்கு நிம்மதியாக இருக்கும். மார்த்தாண்டம் அண்ணாவுக்கும் முடிந்தால் வாருங்கள்.

மார்த்தாண்டத்தான் எழுதியது:

வருகிறேன். தேங்காய் மட்டை நான் கொண்டுவருகிறேன்.

செம்பவாங் வெல்டர் எழுதியது:

நானும் வருகிறேன், ஆனால் 7 மணிக்கே. எல்லாவற்றையும் சொன்னீர்கள், அடிப்பலகையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. புழுக்கழிவும் மெழுகுத் தூளும் விழுந்து சேர்வது அங்கேதான், அந்து முட்டையிடுவதும் அங்கே. வாட்டவில்லை என்றால் தொடாமல் வைத்திருங்கள், தேனீ வருவதற்குள் சேர்ந்து முடித்துவிடலாம். உரசுபொறி என்னிடம் இருக்கிறது.